பங்கு போட்ட நீலம்

திருப்பூர்க்காரர்களுக்கு நீலம் என்பது ஒரு நிறம் இல்லை. குறைந்தது நாற்பது நிறம். வெளியூர்க்காரன் ஆகாயத்தைப் பார்த்து நீலம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். சாயப்பட்டறைக்காரன் அதே ஆகாயத்தைப் பார்த்து, "கொஞ்சம் சிவப்பு தூக்கலா இருக்கு, துணி வாங்கற பையர் ஒத்துக்க மாட்டான்" என்பான். அப்படிப்பட்ட ஊரில், இரண்டு வருஷமாக ஒரே ஒரு நீலத்தைக் கண்டால் மட்டும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அது துணியில் இருக்கிற நீலம் இல்லை. வலது புறங்கையில் நான்கு விரல் அகலத்துக்கு இருக்கிற நீலம்.

அந்த நீலத்தைக் கண்டுபிடித்தவள் கருணாம்பிகை. அவிநாசியில் பிறந்தவள், அதனால் அம்மன் பெயர். வேதியியல் படித்துவிட்டு ஒரு பெரிய சாய ஆலையின் ஆய்வுக்கூடத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தச் சாயத்தைச் செய்தது குழந்தைகளுக்காக. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு பச்சைக்குழந்தைகள் மாறிப்போய், மூன்று வருஷம் கழித்து விஷயம் வெளியே வந்து, இரண்டு தாய்மாரும் தவித்த தவிப்பைப் பேப்பரில் படித்துவிட்டு ஒரு வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தாயின் கணுக்காலில் ஒரு பொட்டு, குழந்தையின் குதிகாலில் அதே சாயலில் ஒரு பொட்டு. கழுவினாலும் தேய்த்தாலும் போகக்கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசைப்பட்டது.

மேல்தோல் மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்துவிடும். ஆகவே, பருத்தியைப் பிடித்துக்கொள்ளும் சாயத்தை, அடித்தோல் வரைக்கும் இறங்கி அங்கே பிடித்துக்கொள்ளும்படி மாற்றினாள். நான்கு வருஷம் ஆயிற்று. மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அதற்கப்புறம் உரிமை கைமாறி, அடையாள வாரியம் என்று ஒன்று முளைத்து, ஒரு சட்டமும் வந்தது. உற்பத்திக்கு இடையூறு செய்தவர்கள் என்று யாரைச் சொல்கிறார்களோ அவர்கள் புறங்கையில் அந்தச் சாயம் ஏறியது. ஒரே ஒரு குழந்தையின் குதிகாலில்கூடப் பொட்டு விழவில்லை.

ஆலை வாசல், ரேஷன் கடை, பஸ், பள்ளிக்கூடம், விடுதி என்று எல்லா இடத்திலும் கண் வைத்த கதவுகள் வந்தன. கதவு பேர் கேட்காது, முகம் பார்க்காது, காரணமும் கேட்காது. கை நீலமாக இருந்தால் திறக்காது. கையை மூடிக்கொண்டு வந்தாலும் திறக்காது. மேல்முறையீடு என்ற பேச்சே சட்டத்தில் இல்லை. கட்டிங் மாஸ்டராக இருந்த ஒருவர் நீலக்கையோடு டீக்கடை போட்டுப் பார்த்தார். ஊர் அவரிடம் டீ வாங்கவில்லை. வாங்கினால் தன்னையும் சந்தேகப்படுவார்கள் என்று ஊருக்குப் பயம்.

கருணாம்பிகை இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நகர்த்துவது நியாயம் ஆகாது. "என் கையிலயா இருக்கு?" என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் வராதபோது வேறு வேலை பார்த்தாள்.

திங்கட்கிழமை வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வியாழன் காலை பத்து மணிக்கு இதே ஆலை வளாகத்தில் பதினோரு பேருக்கு நீலம் இட வேண்டும். போன தடவை வேறோர் ஊரில் சாயம் திட்டுத் திட்டாக வந்துவிட்டதால், இந்தத் தடவை கண்டுபிடித்தவரே நேரில் இருந்து பூச வேண்டும். பட்டியலில் முதல் பெயர்: மயிலாத்தாள், வயது நாற்பத்தாறு, சலவைப் பிரிவு.

பதினான்கு வருஷமாக மதியச் சோற்றைக் கருணாம்பிகையோடு பகிர்ந்து சாப்பிடுகிறவள் மயிலாத்தாள். கருணாம்பிகை கடிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

மயிலாத்தாள் செய்த குற்றம் ஊருக்கே தெரியும். சித்திரை மாதத்தில் ஒரு நாள், கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிய ரங்கசாமியும் ஒடிசாவிலிருந்து வந்த நிரஞ்சனும் மூச்சடைத்து விழுந்துவிட்டார்கள். மேலே ஆறு இயந்திரங்களில் ஏற்றுமதித் துணி ஓடிக்கொண்டிருந்தது. சாயம் முடிந்ததும் அந்த இயந்திரங்கள் தாமாகவே கொதிக்கிற தண்ணீரை அதே தொட்டிக்குள் திறந்துவிடும். மேலாளர் "இயந்திரத்தைத் தொடாதீங்க, கப்பல் தவறிடும், வேற வழி பாக்கலாம்" என்றார். வேறு வழி ஒன்றும் இல்லை. மயிலாத்தாளும் இன்னும் பத்துப் பேரும் மெயின் சுவிட்சை இழுத்துப்போட்டு, அதைச் சுற்றிக் கைகோத்து நாற்பது நிமிஷம் நின்றார்கள். நிரஞ்சன் பிழைத்தான். ரங்கசாமி பிழைக்கவில்லை. ஆறு இயந்திரத் துணியும் பாழாயிற்று. தண்டனை துணிக்காகக் கிடைத்தது. ரங்கசாமிக்காக யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் கருணாம்பிகை ஒரு முடிவுக்கு வந்தாள்.

சலவைச் சோடா படும்வரை இந்தச் சாயம் பரம சாது. வெறும் தண்ணீரில் கழுவினாலே போய்விடும். சோடா பட்டால்தான் அதற்குப் பிடிக்கிற குணம் வரும். எதிரே துணி இருந்தால் துணியைப் பிடிக்கும், தோல் இருந்தால் தோலைப் பிடிக்கும். இரண்டும் இல்லையென்றால் தண்ணீரையே பிடித்துக்கொண்டு, அத்தோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிடும். பார்வைக்கு அதே நீலம். பூசினால் பூசின மாதிரியேதான் தெரியும். ஒரு வாரம் குளித்தால் வெளுத்துவிடும். பட்டறையில் அதைச் செத்த சாயம் என்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவசரப்பட்டு முன்கூட்டியே சோடாவைக் கலந்து சாயத்தைச் சாகடித்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்குவது வழக்கம். கருணாம்பிகையே சேர்ந்த முதல் மாதம் நானூறு கிலோ துணிக்கு அந்தப் புண்ணியத்தைச் செய்தவள். இப்போது வேண்டுமென்றே ஒரு குடுவைச் சாயத்தைச் சாகடித்து மூடிவைத்தாள்.

பதினோரு பேரையும் பழைய குடோனில் காவல் போட்டு வைத்திருந்தார்கள். தோலைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மயிலாத்தாள் ஒரு துணி மூட்டைமேல் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள்.

"வா அம்மணி. நாளைக்கு உனக்கு ரெண்டு வேலையாமா? பூசறதும் நீதான், அழுவறதும் நீதானா?"

"விளையாடாதீங்கக்கா." கருணாம்பிகை அவள் கையைப் பிடித்துச் சோதிக்கிற மாதிரி குனிந்துகொண்டு, செத்த சாயத்தைப் பற்றிக் காதோடு சொன்னாள்.

மயிலாத்தாள் சீப்பைக் கீழே வைத்தாள். "அது கெடக்கட்டும். நெசமான சாயம் ஏன் போகறதில்ல? பதினாலு வருசம் அதுலயே கெடந்திருக்கறேன், ஒருத்தரும் சொன்னதில்ல. அதச் சித்தெ சொல்லு."

"இப்ப இதுவாக்கா முக்கியம்?"

"என்ற கையில ஏறப்போறது என்னன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

கருணாம்பிகைக்கு மறுக்க முடியவில்லை. "எல்லாம் அணுதானுங்கக்கா. அணுவச் சுத்தி எலெக்ட்ரான் ஓடிக்கிட்டிருக்கும். வெளிவட்டத்துல இத்தன இருக்கோணும்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு. குறைஞ்சா தவியாத் தவிக்கும். சோத்துல போடற உப்பு இருக்கே, அதுல ஒரு அணு இன்னொண்ணுகிட்டருந்து புடுங்கிக்கும். புடுங்கினதும் பறிகொடுத்ததும் ஒட்டித்தான் நிக்கும். தண்ணி ஊத்தினா ஆளுக்கொரு பக்கம் போயிரும்."

"எங்க மாமியா ஊட்டுச் சொந்தமாட்ட."

"இந்தச் சாயம் அப்படி இல்ல. சாயத்துல இருக்கற அணு ஒரு எலெக்ட்ரான் போடும், உங்க தோல்ல இருக்கற அணு ஒண்ணு போடும். ரெண்டையும் நடுவுல பொதுவா வெச்சுக்கும். எதுவும் எதையும் புடுங்கறதில்ல. ஆனா ரெண்டுக்கும் கணக்கு நெறஞ்சு போகும். பொறவு பிரிஞ்சு போறதுன்னா ரெண்டுக்குமே நட்டம். அதனால பிரியாது. சகப்பிணைப்புன்னு புஸ்தகத்துல பேரு."

"பங்குக் கெணறுன்னு சொல்லு" என்றாள் மயிலாத்தாள். "எங்கப்பனும் சித்தப்பனும் ஆறு வருசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தாங்க. ஆனா கெணறு பங்கு. ஒருத்தனாலயும் காட்ட வித்துப்போட்டுப் போக முடியல. கடைசியில கெணத்துமேட்டுலதான் பேசிக்கிட்டாங்க."

"அதேதானுங்கக்கா."

"நெம்ப நல்ல சமாச்சாரமாச்சே அம்மணி. அதக் கொண்டுபோய் இந்தப் பாவிங்க கையில குடுத்துப்போட்டயே."

கருணாம்பிகைக்கு இரண்டு வருஷமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த மாதிரியும் இருந்தது, சொன்னதும் தாங்க முடியாமலும் இருந்தது.

"செத்த சாயம் எனக்கு வேண்டாம்" என்றாள் மயிலாத்தாள். குரலில் சண்டை இல்லை. முடிவு பண்ணிய குரல். "ஒரு வாரத்துல வெளுக்கும். அவிய உன்னப் புடிப்பாங்க. வேற ஒருத்தன வெச்சு எங்களுக்கு மறுக்கா பூசுவாங்க. பதினோரு கை பன்னண்டு ஆகும். அதுக்கு எதுக்கு இத்தன பாடு?"

"ஒரு வாரத்துல ஏதாவது வழி..."

"கேளு. நான் சுவிச்ச இழுத்தது நெசம். நிரஞ்சன் உசுரோட நடமாடறது நெசம். கழுவினாப் போற சாயத்தப் பூசிக்கிட்டு, அவிய முன்னாடி தலையத் தொங்கப்போட்டுக் கூத்துக் கட்டோணுமா நான்? ஆகாது. பூசறதா இருந்தா நெசமானதப் பூசு. கைய வீசிக்கிட்டுப் போறேன், பாக்கறவன் பாக்கட்டும்."

"உங்க மக விடுதிக்குள்ள உங்கள விடமாட்டாங்கக்கா. அவ நர்சு படிச்சு முடிக்க இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

"அது தெரியாமப் பேசறேன்னு நெனச்சயா?" மயிலாத்தாள் உடனே சீப்பை எடுத்துக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

கருணாம்பிகை ஆத்திரத்தோடு வெளியே வந்தாள். என்ன பிடிவாதம், என்ன பிடிவாதம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்குப் போய், செத்த சாயத்தைத் தொட்டியில் கொட்டினாள். அது போய் முடிவதற்குள் ஆத்திரம் யார்மேல் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மயிலாத்தாள்மேல் இல்லை. பதினோரு கைக்குச் சாயம் என்றால் ஒரு டம்ளர் போதும். தராசில் அந்த அளவைத்தான் போட்டாள். பிறகு பாக்கெட்டில் மிச்சம் இருந்ததையும் கொட்டி, ஒரு பக்கெட் நிறையக் கரைத்தாள். எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வியாழக்கிழமை ஆலை வளாகத்தில் ஷாமியானா, நாற்காலி, மைக் எல்லாம் வந்து இறங்கின. கல்யாணத்துக்குக் குறைச்சலாக மேளம் மட்டும்தான். சாட்சியாக நிற்கவேண்டும் என்று காலை ஷிப்டு ஆட்கள் நானூறு பேரையும் வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். வாரியத்தின் இயக்குநர் திருவேங்கடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். அந்தச் சட்டத்தை ஒவ்வொரு வரியாக எழுதியவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தான் மிகவும் நல்லவர் என்று மனமார நம்புகிறவர். அது கெட்டவராக இருப்பதைவிட ஆபத்து.

"அடி இல்லை, சிறை இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை" என்று அவர் கருணாம்பிகையிடம் சொன்னார். "இதைவிட மென்மையான தண்டனை உலகத்துல எங்கேயாவது உண்டாம்மா? அந்தப் பெருமை உங்களுக்குத்தான்."

பதினோரு பேரும் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கருணாம்பிகை கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொருவர் புறங்கையிலும் பிரஷ்ஷால் பூசினாள். மயிலாத்தாளுக்குப் பூசும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சாயம் திட்டில்லாமல் சீராகப் பரவ ஐந்து நிமிஷம் விடவேண்டும். அதன்பிறகு பேசினில் இருக்கிற சோடாத் தண்ணீரில் கையை முக்கினால் தீர்ந்தது. அந்த நீலத்தை எடுக்க யாராலும் முடியாது.

மூன்றாவது நிமிஷத்தில் மயிலாத்தாள் எழுந்தாள்.

"உக்காரும்மா" என்றார் ஒரு காவலர்.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே கருணாம்பிகையிடம் வந்து, ஈர நீலம் சொட்டுகிற கையை நீட்டினாள். "இனி உள்ள விடமாட்டாங்க. பதினாலு வருசம் கூட வேல செஞ்சதுக்கு ஒரு கை குடு அம்மணி."

கருணாம்பிகை தன் கையுறையைப் பார்த்தாள். மயிலாத்தாள் கேட்டது கை மட்டும்தான். அதைக் கையுறையோடும் கொடுத்திருக்கலாம்.  தன் சம்பளம், தன் வீடு, நாளைக்கு ஏறவேண்டிய பஸ் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்து போயின. கையுறையைக் கழற்றிப்போட்டாள். இரண்டு கையாலும் மயிலாத்தாள் கையைப் பிடித்து, தன் புறங்கையிலும் தேய்த்துக்கொண்டாள். விட்டுவிட்டு, யாரும் சுதாரிப்பதற்குள் பேசின் அருகே போய்த் தன் கையை மணிக்கட்டு வரை சோடாவில் முக்கினாள்.

"என்னம்மா பண்றே?" என்று திருவேங்கடம் கத்தினார்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கறீங்க சார்."

மைக் பக்கத்திலேயே இருந்தது. அவள் மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள். பொன்னாடை போர்த்திய நாளில்கூட நன்றி என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"இந்தச் சாயத்தச் செஞ்சவ நான்தான். இதுக்கு ஒரு கதவு வெச்சிருக்காங்க. அதுக்குக் கண்ணு இருக்கு, மூளை கெடையாது. பதினோரு கை நீலமா இருந்தா பதினோரு பேரு தெருவுல நிப்பாங்க. நானூறு கை நீலமா இருந்தா இந்த ஆலையே தெருவுல நிக்கும். நான் யாரையும் கூப்பிடல. பயமா இருந்தாப் போங்க, தப்பில்ல. எனக்கும் பயமாத்தான் இருக்குது."

யாரும் அசையவில்லை. வெயில் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து நிரஞ்சன் வந்தான். தொட்டிக்குள் போனதிலிருந்து அவனுக்கு வேகமாக நடந்தால் மூச்சு வாங்கும். மெதுவாகத்தான் வந்தான். "அக்கா, என் கை" என்றான். அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். மயிலாத்தாள் அவன் கையைப் பிடித்ததும் அவன் அழுதுவிட்டான், அவளும் அழுதாள். அவனுக்குப் பின்னால் ரங்கசாமியின் தம்பி வந்தான். அவனுக்குப் பின்னால், சாயம் ஏற்றுகிற டையிங் பிரிவு மேஸ்திரி. அதற்குமேல் யார் யார் என்று எண்ண முடியவில்லை. பெஞ்சில் இருந்த பத்துப் பேரும் எழுந்து கை கொடுத்தார்கள். கை வாங்கியவர்கள் பின்னால் நின்றவர்களுக்குக் கொடுத்தார்கள். கருணாம்பிகை பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குள் இறங்கினாள்.

எல்லோரும் வந்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் தொண்ணூறு பேர் போல வாசலைப் பார்த்துப் போய்விட்டார்கள். இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, "ரேசன் நின்னுபோயிருமுங்கக்கா, மன்னிச்சுக்குங்க" என்றாள்.

"போ கண்ணு, நீ போ. உன்ற புள்ள சாப்படோணும்" என்று மயிலாத்தாளே அவளை அனுப்பிவைத்தாள்.

ஒரு காவலர் ஓடிவந்து சோடா பேசினைக் காலால் எத்திக் கவிழ்த்தார். சோடாத் தண்ணீர் மண்ணில் ஓடியது. இன்னும் சோடாவில் முக்காத இருநூறு பேருக்கு மேல் ஈரக்கையோடு நின்றார்கள். சோடா இல்லாமல் இந்தச் சாயம் வெறும் வேஷம்.

"துணி சோப்பு!" என்று கருணாம்பிகை கத்தினாள். "கேண்டீன் குழாய்கிட்ட இருக்கு, எடுங்க!"

சோப்பும் சோடாவும் பங்காளிகள். சாயப்பட்டறையில் ஒரு நாள் வேலை செய்தவனுக்குக்கூடத் தெரியும், கையில் சாயம் பட்டால் வெறும் தண்ணீரில்தான் கழுவ வேண்டும், சோப்பைத் தொட்டால் தொலைந்தோம் என்று. வாழ்நாள் முழுக்கச் செய்யாத தப்பை அன்றைக்கு அவர்கள் வரிசையில் நின்று செய்தார்கள். ஒரு பார் சோப்பு கை மாறிக் கை மாறிக் கரைந்தது. சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது.

திருவேங்கடம் தாங்க முடியாமல் இறங்கி வந்து, மயிலாத்தாளின் கையைப் பிடித்துப் பெஞ்சுப் பக்கம் இழுத்தார். அவள் எதிர்க்கவில்லை. இழுத்த பிறகுதான் அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பதறிப்போய் இரண்டு கையையும் ஒன்றோடொன்று தேய்த்ததில் புறங்கைக்கும் நீலம் ஏறியது. திரும்பிப் பார்த்தால் குழாயடியில் கூட்டம் சோப்புப் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருக்கிறது. ஜனங்கள் பயந்துபோய்க் கழுவிக்கொள்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. ஜனங்கள் பயப்படுவார்கள் என்பதுதான் அவருடைய சட்டத்துக்கே அஸ்திவாரம்.

"சோப்பு! சோப்பு குடுங்க!" என்று குழாயை நோக்கி ஓடினார்.

கருணாம்பிகை குறுக்கே போய் நின்றாள். இதில் அவள் ஏமாற்றவே இல்லை. "சார், சோப்பு வேண்டாம். வெறும் தண்ணில கழுவுங்க, போயிரும். சோப்புப் பட்டாப் புடிச்சுக்கும்."

"யாருகிட்ட கதை விடறே? அவங்க எல்லாம் சோப்புப் போட்டுக் கழுவறாங்க, எனக்கு மட்டும் வேண்டாமா?"

"அவங்க கழுவலைங்க சார்."

அவர் அவளைத் தள்ளிவிட்டு, ஒரு பார் சோப்பை வாங்கி முழங்கை வரை நுரை வரத் தேய்த்தார். பக்கத்தில் நின்ற டையிங் மேஸ்திரி, "இன்னும் ஒருக்கா போடுங்க சார், நெம்ப நல்லாப் புடிச்சிருக்குது" என்றார்.

அரைமணி நேரம் கழித்து, திருவேங்கடம் தன் வண்டிக்குப் போக வாசலுக்கு வந்தார். கதவு திறக்கவில்லை. கையைக் கைக்குட்டையால் மூடிக் காட்டினார். அதற்கும் திறக்கவில்லை.

"சும்மா தெறக்காதுங்க சார்" என்றார் வாட்ச்மேன், மரியாதையாகத்தான். "நீலக்கைக்குன்னு பின்பக்கம் ஒரு சின்னக் கதவு இருக்குதுங்க. அதுல வெளிய போலாம். போனா இடையூறு செஞ்சவங்கன்னு பதிவாயிருமுங்க. மறுக்கா எங்கயும் உள்ள வர முடியாதுங்க."

"நான் எழுதின சட்டத்தை எனக்கே சொல்றியா?"

"இல்லீங்க சார். தெரியாதவங்களுக்குச் சொல்லச் சொல்லித்தான் எழுதியிருக்கீங்க."

மற்ற அதிகாரிகள் தலைமையகத்தோடு பேசுகிறோம் என்று சொல்லி வெள்ளைக் கையோடு வெளியே போய்விட்டார்கள். போனவர்களில் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்த்து நிற்கவில்லை. அவரோடு நின்று தங்களுக்கும் கெட்ட பேர் வாங்கிக்கொள்ள அவர்களுக்கு என்ன பைத்தியமா?

உள்ளே முந்நூறு பேருக்கு மேல் ஷாமியானா நிழலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சின்னக் கதவு திறந்தேதான் இருந்தது. அதன் வழியாக ஒருவரும் போகவில்லை. ஆலைக்குள் ஓர் இயந்திரமும் ஓடவில்லை. திருவேங்கடம் கருணாம்பிகையைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீ விஞ்ஞானி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "அந்தப் பதினோரு பேர் கை எது, அப்புறம் ஒட்டிக்கிட்ட கை எதுன்னு சோதனை பண்ணி எழுதிக்குடு. நான் அவங்கள்ல ஒருத்தன் இல்லைன்னும் எழுது. உன் கையைப் பத்தி யாரும் கேக்காம நான் பாத்துக்கறேன்."

"எப்படிங்க சார் எழுதறது? ரெண்டு அணு ஆளுக்கொரு எலெக்ட்ரானப் போட்டுப் பங்கு வெச்சதுக்கப்புறம், இது இவனுது அது அவனுதுன்னு பிரிச்சுச் சொல்ற கருவி உலகத்துலயே கெடையாது. எலெக்ட்ரானுக்குப் பேரு இல்ல. எல்லாம் ஒண்ணேதான். முன்னாடி போட்டவன், பின்னாடி போட்டவன்னு அதுல ஒண்ணும் இல்ல."

"அணுவை விடும்மா. சாயம் எந்தக் கையில அதிகம், எந்தக் கையில குறைச்சல்? அதை அளக்கலாமில்ல?"

 கருணாம்பிகைக்குப் பொய் சொல்லவும் வாய்ப்பு இருந்தது. இரண்டு வருஷமாக எத்தனையோ தடவை, தெரியாது என்று சொல்லித் தப்பித்தவள்தான் அவள்.

"அளக்கலாமுங்க சார்" என்றாள். "அளந்தா ஓரளவு சொல்லிரலாம். ஆனா அளக்க மாட்டேன். நீங்களும் அளக்க முடியாது, அந்தக் கருவி என்கிட்டத்தான் இருக்குது. அதுவும் இப்ப எங்களாட்ட வேல செய்யல."

 வெயிலில் நின்ற திருவேங்கடத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மயிலாத்தாள் தரையில் இருந்தபடியே கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

"உக்காருங்க சார். நின்னாக் கால் வலிக்கும்."

வேறு எங்கே போவது என்று தெரியாமல் அவர் உட்கார்ந்தார். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். குடித்தார்.

"எனக்கு ஒண்ணு தெரியோணுமுங்க சார்" என்றாள் மயிலாத்தாள். "இந்தச் சட்டம் தப்புன்னு மனு எழுதோணும்னா, அத யாருக்குங்க எழுதறது?"

திருவேங்கடம் தன் கையைப் பார்த்தார்.

"எனக்குத்தான்" என்றார்.

மயிலாத்தாள் கருணாம்பிகையிடம் கையை நீட்டி, அவள் நோட்டுப்புத்தகத்தையும் பேனாவையும் வாங்கினாள். புத்தகத்தைப் பிரித்து, வெற்றுத்தாள் ஒன்றைத் தடவிச் சரிசெய்து, அவர் மடியில் வைத்தாள்.

"அப்ப எழுதுங்க. எங்களவிட நீங்க எழுதினாத்தான் சட்டமா இருக்கும். மொதக் கையெழுத்து உங்களோடதா இருக்கட்டும், கீழ நாங்க போடறோம்."